பத்தாவது கலைமகள்



வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் விழாவில் 'பத்தாவது கலைமகள்' என்னும் தலைப்பில் ஓர் உரை அமைவது எண்ணின் பொருத்தம் கருதி மட்டும் அன்று. கிரேக்கர் கலைகட்குரிய தெய்வங்களாக மகளிர் ஒன்பதின்மரைப் போற்றினர். அவ்வொன்பதின்மரை அடுத்து வைத்து எண்ணத்தக்கவர் என்னும் பொருள்பட, 1650 ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த கவிதை நூல் ஒன்றுக்கு 'அமெரிக்காவில் அண்மையில் தோன்றிய பத்தாவது கலைமகள்' என்று பெயர் சூட்டப்பட்டது. சூட்டியவர் நூலாசிரியர் அல்லர். நூல் அச்சேறும் செய்தியே அவருக்குத் தெரியாது. அவர் அப்போது கடலுக்கு அப்பால், மாசசூசெட்சின் காட்டோரத்து ஊரொன்றில், மக்கட்பேறும் மனைவேலையுமாக நாள்களைக் கழித்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் ஆன் பிராட்ஸ்ட்ரீட். சமயக் கொள்கையின் பொருட்டுத் தாயகம் துறந்து அமெரிக்கா சென்ற ஆங்கிலேயருள் ஒருவர். அம்மக்களைப் பற்றிப் பாடநூல்கள் ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடும்: வழிபாட்டுரிமை நாடிக் கப்பலேறினர், வேண்டிய உரிமையைப் பெற்றனர். முற்பகுதி உண்மை. பிற்பகுதி யார் அளவில் உண்மை என்பதே ஆராயத்தக்கது. அதனை ஆராய்வதற்கு ஆன் என்னும் பெயருடைய பெண்கள் நால்வரின் வாழ்க்கை போதும். (நால்வர் என்றதும் தமிழ் நெஞ்சம் வேறு நால்வரை நினைக்கும், இவர்களுள் ஒருவர்க்கும் கோயிலில் சிலை இல்லை. ஒருவர்க்கு மட்டும் பாஸ்டன் அரசு மாளிகையின் முன் சிலை வைத்தார்கள். அதுவும் இருபதாம் நூற்றாண்டில்தான்.)

முதலில் அவர்கள் ஏன் புறப்பட்டார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எட்டாம் ஹென்றி 1534 இல் ரோமாபுரியின் தலைமையை உதறினான். ஆங்கிலத் திருச்சபைக்கு அரசனே தலைவன் ஆனான். ஆயினும் சபையில் பழைய சடங்குகளும் பேராயர் ஆட்சியும் நீடித்தன. அவற்றையும் நீக்கிச் சபையைத் தூய்மை செய்ய வேண்டும் என்றவர்களைத் தூய்மைவாதிகள் என்று பிறர் எள்ளி அழைத்தனர், எள்ளற்பெயரே நிலைத்தது. சபையை விட்டே பிரிந்தவர்கள் ஹாலந்துக்கு ஓடி, பின் அவர்களுள் ஒரு பகுதியினர் 1620 இல் மேஃபிளவர் என்னும் கப்பலில் அமெரிக்கா அடைந்தனர். சென்றவர் 102 பேர். முதற்பனிக்காலம் முடிவதற்குள் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டனர். பிரியாமல் உள்ளிருந்தே திருத்த எண்ணியவர்களுக்கும் 1629 க்குப் பிறகு இடமில்லாமற்போயிற்று. முதலாம் சார்லஸ் நாடாளுமன்றத்தைக் கலைத்தான். வில்லியம் லாட் 1633 இல் காண்டர்பரிப் பேராயரானார். மறுத்துப் பேசிய குருமார் பதவி இழந்தனர். 1630 முதல் 1640 வரையுள்ள பத்தாண்டில் ஏறத்தாழ 20,000 பேர் நியூ இங்கிலாந்துக்குப் பெயர்ந்தனர்.

கவிஞர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று இவ்வியக்கத்தின் வேரிலேயே உள்ளது. இது படிப்பவர்களின் இயக்கம். விவிலியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த வில்லியம் டிண்டேல் 1536 இல் கொல்லப்பட்டார். 1560 இல் ஜெனீவாவில் அச்சான ஆங்கில விவிலியம், கையடக்கமாகவும் வசனங்களுக்கு எண்ணிட்டும் ஓரங்களில் உரைக்குறிப்புகளோடும் வந்து, எளியோர் இல்லங்களில் புகுந்தது. இறைமொழிக்கும் மனிதனுக்கும் நடுவே குருவின் குரல் வேண்டா, அவரவர் கண்ணால் அவரவர் படிக்க வேண்டும் என்பது கொள்கையாயிற்று. எனவே பெண்ணும் படிக்க வேண்டும். ஆனால் அக்காலத்தில் வாசிப்பும் எழுத்தும் தனித்தனியே கற்பிக்கப்பட்டன. வாசிப்பு ஆன்ம ஈடேற்றத்துக்கு உரியது. ஆதலின் மகளிர்க்கும் உண்டு. எழுத்து தொழிலுக்கு உரியது. ஆதலின் பெரும்பாலும் ஆடவர்க்கே. வாசிக்கத் தெரிந்து, தம் பெயரைக் கையொப்பமிடத் தெரியாத பெண்கள் அக்குடியேற்றத்தில் மிகப் பலர். படிக்கச் சொன்னவர்கள், படித்தவள் அடுத்து என்ன செய்வாள் என்பதை எண்ணிப்பார்க்கவில்லை.

ஆன் பிராட்ஸ்ட்ரீட் எழுதவும் கற்றவர். அவர் தந்தை தாமஸ் டட்லி, லிங்கன் பிரபுவின் பண்ணை நிருவாகி. பிரபுவின் மாளிகை நூலகம் சிறுமிக்குத் திறந்திருந்தது. 1612 இல் பிறந்த அவர், பதினாறு வயதளவில் சைமன் பிராட்ஸ்ட்ரீட்டை மணந்தார். 1630 ஏப்ரலில், ஆர்பெல்லா என்னும் கப்பலில், கணவரோடும் பெற்றோரோடும் புறப்பட்டார். ஜூன் 12 ஆம் நாள் கப்பல் சேலம் துறையை அடைந்தது. தமிழ்நாட்டுச் சேலத்தோடு எழுத்தொப்புமை ஒன்றைத் தவிர வேறு உறவில்லாத ஊர் அது. யார் பெயரைக் கப்பல் தாங்கியதோ அந்த ஆர்பெல்லா சீமாட்டி, பிரபுவின் தங்கை, கரையிறங்கிய சில வாரங்களில் இறந்தார்; அடுத்த மாதம் அவர் கணவரும் இறந்தார். டிசம்பருக்குள் மாண்டவர் இருநூற்றுவர் அளவில் என்று டட்லி எழுதுகிறார். அவர் அதை எழுதிய விதமும் மறக்கற்பாலது அன்று. மேசை இல்லை, தனி அறை இல்லை. கடுங்குளிரில் அடுப்பங்கரையில் அமர்ந்து, முழங்கால்மேல் தாளை வைத்து, லிங்கன் சீமாட்டிக்கு அக்கடிதத்தை எழுதினார். அதே அடுப்பைச் சுற்றி அக்குடும்பமே இருந்தது. மகளுக்கு வயது பதினெட்டு. பிற்காலத்தில் தம் மக்கட்கு எழுதிய குறிப்பில் ஆன் ஒளிக்காமல் சொல்கிறார்: புதிய உலகத்தையும் புதிய வழக்கங்களையும் கண்டு தம் உள்ளம் எதிர்த்து எழுந்தது, இறைவழி இதுவென்று தெளிந்தபின் பணிந்து பாஸ்டன் சபையிற் சேர்ந்தார். எதிர்த்து எழுந்த உள்ளம், பின் பணிவு. அவர் கவிதை முழுதும் இவ்விரண்டுக்கும் நடுவே நடக்கின்றது.

இனி இரண்டாமவர். ஆன் ஹட்சின்சன் 1591 இல் பிறந்தவர். அவர் தந்தை பிரான்சிஸ் மார்பரி, குருமாரின் கல்லாமையைக் கண்டித்ததற்காக 1578 இல் பேராயர் முன் விசாரிக்கப்பட்டுச் சிறை சென்றவர். விசாரணையின் வினாவிடைகளை நினைவிலிருந்து எழுதிவைத்தவர். அத்தகையவர் வீட்டில் வளர்ந்த மகள், தாம் மதித்த போதகர் ஜான் காட்டன் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றதும், கணவரையும் மக்களையும் அழைத்துக்கொண்டு 1634 இல் அவர் பின்னே கடல் கடந்தார். பதினைந்து பிள்ளைகளைப் பெற்றவர்; பாஸ்டனில் மருத்துவச்சியாய் இருந்து பல வீடுகளில் பேறு பார்த்தவர். பேறு பார்க்கும் இடத்தில் பெண்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். அப்பேச்சு வளர்ந்து, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை அவர் இல்லத்தில் கூடி ஆராயும் வாரக்கூட்டமாயிற்று. அறுபது, எண்பது பேர் வரை வந்தனர், ஆடவரும் வந்தனர். அவ்வீடு ஆளுநர் ஜான் வின்த்ராப்பின் வீட்டுக்கு எதிரில் இருந்தது. வருவோர் போவோரை ஆளுநர் நாடோறும் கண்டிருப்பார்.

அவர் சொன்னது நுண்ணிய இறையியல். மீட்பு இறைவன் அருளால் மட்டுமே கிடைப்பது. நல்லொழுக்கம் அதற்குச் சான்றாகாது. இது அச்சபையார் அனைவரும் ஒப்பிய கோட்பாடுதான். அதை அவர் முடிவு வரை கொண்டுபோனார்: ஆதலின் ஒழுக்கத்தையே அளவுகோலாய்ப் போதிக்கும் இப்பகுதிக் குருமார், காட்டன் முதலிய ஓரிருவர் நீங்கலாக, அருள் நெறியைப் போதிப்பவர் அல்லர். ஒழுக்கத்தைக் கண்டே இன்னார் இறைவனால் தெரிந்தெடுக்கப்பட்டவர் என்று துணிந்து, அன்னார்க்கே வாக்குரிமை தந்து நடந்த அரசு அது. அடித்தளத்தில் கை வைத்தார் என்று அவர்கள் அஞ்சியதில் பொருள் இல்லாமல் இல்லை. அவ்வாண்டு, 1637, பீக்வட் பழங்குடியினரோடு போர் நடந்த ஆண்டு. மிஸ்டிக் என்னும் இடத்தில் ஊரோடு தீயிட்டு, பெண்டிர் பிள்ளைகள் உட்பட நூற்றுக்கணக்கானோரைக் கொன்றவர்களும் இத்தூயோரே என்பதை விழுங்கிவிட்டு இக்கதையைச் சொல்லுதல் அறமன்று.

நவம்பர் 7, 8 ஆகிய இரு நாளும் விசாரணை. நாற்பத்தாறு வயதுப் பெண் தனியே நிற்க, எதிரே ஆளுநரும் துணை ஆளுநரும் நடுவர்களும் குருமாரும் இருந்தனர். அவர் முதலிற் கேட்டது, தம்மேல் சாட்டப்பட்ட குற்றம் என்ன என்பது. மூத்த பெண்கள் இளையோர்க்குக் கற்பிக்கலாம் என்று விவிலியத்திலிருந்தே சான்று காட்டினார். குருமார் சாட்சி சொல்வதானால் ஆணையிட்டுச் சொல்லட்டும் என்றார், அவர்கள் தயங்கினர். முதல் நாள் முடிவில் வழக்கு ஏறக்குறைய அவர் பக்கம் சாய்ந்திருந்தது. மறுநாள், இறைவன் தம்மோடு நேரே பேசுவதாக வாய்விட்டுச் சொன்னார். அவர்கள் காத்திருந்த சொல் அது. நாடு கடத்துமாறு தீர்ப்பாயிற்று. ஏன் கடத்தப்படுகிறேன் என்று அவர் வினவியபோது, காரணம் மன்றத்துக்குத் தெரியும், மன்றத்துக்கு மனநிறைவு, அது போதும் என்னும் பொருள்பட ஆளுநர் வாயடைத்தார். லாட்டின் நீதிமன்றத்தில் இவ்வாறு சொல்லப்பட்டிருந்தால், கொடுங்கோன்மை என்று இவர்களே நூல் எழுதியிருப்பார்கள்.

கேள்வி கேட்டவர்களுள் கடுமையானவர் துணை ஆளுநர். அவர்தாம் தாமஸ் டட்லி. இடையில் எழுந்து, உம் கூட்டம் பிறர் மனத்தைப் புண்படுத்துகின்றது, ஆகவே நிறுத்தலாமே என்று சற்று மென்மையாகச் சொன்ன நடுவரும் ஒருவர் உண்டு. அவர் சைமன் பிராட்ஸ்ட்ரீட். ஓர் ஆனின் தந்தையும் கணவரும் மற்றோர் ஆனை விசாரித்த அவை அது. முன்னவர் அப்போது இப்ஸ்விச் என்னும் ஊரில், கைக்குழந்தைகளோடு, இரவில் பிறர் உறங்கியபின் கவிதை எழுதிப் பழகிக்கொண்டிருந்த இளந்தாய். விசாரணையைப் பற்றி அவர் எழுதியதாக ஒரு சொல்லும் இல்லை. வீட்டில் பேசப்பட்டிராது என்று யாரும் நம்பவும் இயலாது.

அவ்விளந்தாய்க்கு அந்தப் பாடம் வீட்டுக்குள்ளேயே இன்னொரு முறையும் நடத்தப்பட்டது. அவர் தங்கை சாரா, 1640 களில் இலண்டன் சென்றபோது அங்கே பெண் போதகராகப் பேசலானார். கணவர் அவரை விலக்கினார். 1647 இல் பாஸ்டன் சபை அவரை நீக்கியது. தமக்கையின் கவிதைத்தாள்களை மைத்துனர் ஜான் உட்பிரிட்ஜ் இலண்டனுக்கு எடுத்துச் சென்றதும் அவ்வாண்டேதான். 1650 இல் நூல் வந்தது. முன்னுரையில் அவர் மெனக்கெட்டு உறுதி கூறுகிறார்: இதனை எழுதியது பெண்தான், அவர் பக்தி உடையவர், இல்லறக் கடமையில் குறை வையாதவர், எழுதிய நேரம் தம் உறக்கத்திலிருந்து அவர் மிச்சம் பிடித்த நேரம். தொடர்ந்து ஆடவர் பலரின் சாற்றுகவிகள். ஒரு பெண்ணின் எழுத்து வாயிலைக் கடக்க இத்தனை காவலர் வேண்டியிருந்தது. நூலாசிரியர்க்கு இல்லாத தயக்கத்தையும் அவர்கள் நூலின் முன் நிறுத்தினார்கள் என்றே சொல்லத் தோன்றும். ஏனெனில் நூலின் முதற்கவிதையிலேயே, தம் கைக்குத் தையல் ஊசியே தகும் என்போரை அவர் நேர்நின்று குத்துகிறார்.

அந்நூலின் நெடும்பாடல்கள், நான்கு பூதங்களையும் நான்கு பருவங்களையும் உலகப் பேரரசுகளையும் பாடுபவை, இன்று ஆராய்ச்சியாளர்க்கே உரியன. கவிஞரைக் காண வேண்டுமாயின் அவர் அச்சுக்கு என்று எழுதாதவற்றில் காண வேண்டும். கணவர் அரசுப்பணியாய்ச் சென்ற நாள்களில் பிரிவாற்றாது எழுதியவை, அவர் இறந்து ஆறாண்டு கழித்து 1678 இல் பாஸ்டனில் வெளிவந்த பதிப்பில்தான் இடம்பெற்றன. 1666 ஜூலை 10 ஆம் நாள் இரவு, ஆண்டோவரில் அவர் வீடு நூல்களோடும் தாள்களோடும் எரிந்தது. அதைப் பற்றிய பாடலில், கொடுத்தவனே எடுத்தான் என்று ஒப்புக்கொண்டவர், பின்னும் அந்தச் சாம்பலைக் கடக்கும்போதெல்லாம் பெட்டி இருந்த இடம், விருந்தினர் உண்ட மேசை என்று ஒவ்வொன்றாய்க் கண்ணால் தேடுகிறார். இறுதியில் கண்டிப்பாய்த் தம்மைத் திருத்திக்கொள்கிறார். ஆனால் தேடியதை அவர் அடித்துவிடவில்லை. அப்பாடல் குடும்பத்தின் கையெழுத்துப் படியிலேயே இருந்து, 1867 இல்தான் அச்சேறியது.

1665 க்கும் 1669 க்கும் இடையே பேரக்குழந்தைகள் மூவர் இறந்தனர். மூன்றாவது, பிறந்து ஒரு மாதமே ஆன ஆண்குழந்தை. அதற்குப் பாடிய சிறு கையறுநிலையில், இறைவன் சித்தம் இதுவாயின் ஏன் என்று வழக்காட வேண்டா என்று அடங்குகிறார். ஏன் என்று மன்றத்தின் நடுவே கேட்ட பெண்ணுக்கு நேர்ந்ததை அவர் அறிவார். கேட்க வேண்டா என்று எழுதும் முறையிலேயே கேட்டுவிடலாம் என்பதையும் அறிந்திருந்தார்.

ஹட்சின்சனின் முடிவைச் சொல்ல வேண்டும். பனிக்காலம் முழுதும் காவலில் வைத்து, 1638 மார்ச்சில் சபையிலிருந்தும் நீக்கினர். அவர் வெளியேறியபோது இளம்பெண் ஒருத்தி எழுந்து உடன் நடந்தார். அவர் மேரி டயர். பின்னாளில் குவேக்கராகி, 1660 ஜூன் 1 ஆம் நாள் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்டவர். ஹட்சின்சன் ரோட் தீவுப் பகுதிக்குச் சென்றார். அங்கே, அவருக்கு முன்பே மாசசூசெட்ஸ் விரட்டிய ரோஜர் வில்லியம்ஸ், அரசு மனச்சான்றைத் தொடலாகாது என்னும் கொள்கையில் ஊர் அமைத்திருந்தார். கணவர் இறந்தபின் டச்சுக்காரர் பகுதிக்குப் பெயர்ந்த ஹட்சின்சன், டச்சு ஆளுநர் மூட்டிய பழங்குடிப் போரில், 1643 இல், பிள்ளைகள் பலரோடு கொல்லப்பட்டார். இறைவன் தீர்ப்பு என்று பாஸ்டனில் மகிழ்ந்தவர் உண்டு. அவர் கைப்பட எழுதியதாக ஒன்றும் எஞ்சவில்லை. அவர் குரல் எஞ்சியிருப்பது அவரை விலக்கியவர்களின் விசாரணைப் பதிவில். அதனை 1767 இல் தம் வரலாற்று நூலின் பின்னிணைப்பாக அச்சிட்டவர் அவருடைய கொடிவழியில் வந்த தாமஸ் ஹட்சின்சன். அவர்மேல் விதித்த தண்டனையை மாசசூசெட்ஸ் ஆளுநர் நீக்கியது 1987 இல். 350 ஆண்டு கழித்து.

மற்ற இருவரும் தாயும் மகளும். இவர்கள் கதை சென்னைக் கடற்கரை வரை வரும். தாய் ஆன் ஈட்டன், நியூ ஹேவன் குடியேற்றத்தின் ஆளுநர் தியோபிலஸ் ஈட்டனின் மனைவி. குழந்தைத் திருமுழுக்கை மறுக்கும் நூல் ஒன்றை டெபோரா மூடி என்னும் சீமாட்டியிடம் இரவல் வாங்கிப் படித்தார். படித்தபின் திருமுழுக்கு நடக்கும்போது சபையில் அமர அவர் மனம் ஒப்பவில்லை, எழுந்து போனார். ஒரு நூல்தான் காரணம். ஆனால் சபை விசாரணையில் அவர்மேல் அடுக்கப்பட்டவை மாமியாரை அறைந்தது, பணியாளரை வைதது போன்ற வீட்டுப் பூசல்கள். 1645 இல் நீக்கப்பட்டார்.

மகள் ஆன் ஹாப்கின்ஸ், கனெக்டிகட் ஆளுநரின் மனைவி. 1645 ஏப்ரலில் கணவர் அவரைப் பாஸ்டனுக்கு அழைத்துவந்ததை வின்த்ராப் தம் நாட்குறிப்பில் எழுதுகிறார். சில ஆண்டுகளாகவே அப்பெண்ணின் அறிவு பேதலித்துவிட்டதாம். காரணம், ஓயாது படித்ததும் எழுதியதும். நூல்கள் பல எழுதினாராம். பெண்ணுக்குரிய வீட்டுவேலையோடு நின்றிருந்தால் அறிவு கெட்டிராது என்பது வின்த்ராப்பின் மருத்துவம். வீட்டுவேலை அறவே இல்லாத ஆடவர் பலர் நூலெழுதிப் பைத்தியமாகாத விந்தையை அவர் விளக்கவில்லை.

இந்த ஆன் ஈட்டனுக்கு முதற்கணவர்வழிப் பிறந்த மகன் டேவிட் யேல். பாஸ்டனில் சபை உறுப்பினர் அல்லாதார்க்கும் உரிமை வேண்டி 1646 இல் மனு எழுதிய எழுவருள் ஒருவர். தண்டம் விதிக்கப்பட்டு, 1652 அளவில் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கே திரும்பினார். அப்போது மூன்று வயதுப் பிள்ளையாய் மடியிலிருந்தவன் எலிஹு. 1672 இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னை வந்த எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். தம் வணிகத்தால் பெருஞ்செல்வம் சேர்த்தவர். அவர் ஆட்சியில் அங்கிருந்து அடிமைகளும் கப்பலேற்றப்பட்டனர். 1718 இல், பாட்டியைச் சபை நீக்கிய அதே நியூ ஹேவனில், தூய்மைவாதக் குருமாரின் கல்லூரி ஒன்று கட்டட நிதிக்குத் திண்டாடியது. யேல் ஒன்பது பொதிச் சரக்கும் 417 நூல்களும் அனுப்பினார். காலிகோ, மஸ்லின் துணிகளும் இருந்த அப்பொதிகள் விற்று வந்தது 562 பவுன். கல்லூரி அவர் பெயரைச் சூடியது. அங்கே பெண்கள் இளநிலைப் படிப்பில் சேர்க்கப்பட்டது 1969 இல்.

1937 இல் அப்பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு கையெழுத்துப் படி கண்டெடுக்கப்பட்டது. 1668 இல் மனச்சான்றின் பொருட்டு இங்கிலாந்தை விட்டுவந்து, எல்லையோரச் சிற்றூரில் குருவாய் இருந்து இறந்த எட்வர்ட் டெய்லர் என்பவரின் கவிதைகள் அவை. தம் வாழ்நாளில் அவர் அவற்றை வெளியிடவில்லை. அவர் வைத்திருந்த நூல்களின் பட்டியலில் ஆங்கிலக் கவிதை நூல் ஒன்றே ஒன்று உண்டு: அது ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் நூல்.

ஆன் ஹாப்கின்ஸ் பின்னர் இங்கிலாந்து திரும்பி, 1698 வரை, மனநோயாளர் என்னும் பெயரோடு வாழ்ந்தார். அவர் எழுதிய நூல்களுள் ஓர் ஏடும் கிடைக்கவில்லை.